கோலார் தங்கவயல்: தங்கம் எடுத்தவனுக்கு வீடு இருந்ததா?

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் எத்தனை பேர் 'கேஜிஎஃப்' படம் பார்த்தீர்கள்? கொஞ்சம் கையைத் தூக்குங்கள். பின்வரிசைத் தம்பிகள் அத்தனை பேரும் தூக்கிவிட்டார்கள். 2018இல் முதல் பாகம், 2022இல் இரண்டாம் பாகம். நல்லது. இப்போது இன்னொரு கேள்வி. அந்த மூன்று எழுத்துக்கு என்ன பொருள்? கை குறைந்துவிட்டதே!

கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ். தமிழில் கோலார் தங்கவயல். படத்தில் வருவது கற்பனைக் கதை. ஆனால் ஊர் கற்பனை அல்ல. பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே நூற்றிருபது ஆண்டுகள் பாதாளத்தில் இறங்கித் தங்கம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? நம்மைப் போன்ற தமிழ்ப் பாட்டாளிகள். வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்த ஊரில் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான ஆதிதிராவிட மக்கள்.

இதை ஏன் இன்று உங்களிடம் பேசுகிறேன்? எங்கள் தாத்தா வட ஆற்காட்டுக்காரர். அண்ணன் தம்பி இரண்டு பேர். குடும்பத்துக்கு ஒரு காணி நிலம் கிடையாது. 1920களில் தம்பி கங்காணியின் பின்னால் கப்பல் ஏறி மலாயாவுக்கு வந்தார். அவர்தான் எங்கள் தாத்தா. அண்ணன் கடல் தாண்டப் பயந்து, ரயில் ஏறிக் கோலாருக்குப் போனார். ஒருவர் மரம் வெட்டப் போனார், ஒருவர் பாறை வெட்டப் போனார். இருவருக்கும் கிடைத்தது ஒரே மாதிரியான லயத்து வீடுதான். அந்த வீடு கடைசியில் என்ன ஆனது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

பொட்டல் காட்டில் ஒரு ஊர்

கோலார் பக்கம் மழை குறைந்த பூமி. பாறையும் முட்செடியும்தான். ஆனால் மண்ணுக்குள் தங்கம் இருக்கிறது என்பது அந்த ஊர் மக்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். 1802இல் வாரன் என்ற வெள்ளைக்கார அதிகாரி அங்கே நில அளவைக்குப் போனபோது, கிராமத்து ஆட்கள் மண்ணை அலசித் தங்கத் துகள் எடுத்துக் காட்டினார்கள். 1870களில் லாவெல் என்பவர் மைசூர் அரசிடம் சுரங்கம் தோண்ட உரிமை வாங்கினார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தது. அதன் பிறகுதான் பெரிய அளவில் தங்கம் கிடைத்தது.

தங்கம் வந்ததும் எல்லாம் வந்தன. ரயில் பாதை வந்தது. 1902இல் காவிரி ஆற்றின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். ராஜதானிக்கு முன்னாலேயே சுரங்கத்துக்கு மின்சாரம்! வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பங்களா, கிளப், கோல்ஃப் திடல். அதனால் 'குட்டி இங்கிலாந்து' என்று அந்த ஊருக்குப் பெயர்.

தொழிலாளிக்கு? மூங்கில் தட்டியால் கட்டிய குடிசை. பிறகு வரிசை வரிசையாக லயம். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, பொதுக் குழாய், பொதுக் கழிவறை. நம் தோட்டத்தில் மேலே துரை பங்களா, நடுவில் கிராணி வீடு, கீழே லயம் என்று இருக்குமே, அதே கணக்குத்தான். அங்கே மரத்துக்குப் பதில் சுரங்கம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டர்

சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போகிறது. உலகத்தின் மிக ஆழமான தங்கச் சுரங்கங்களில் ஒன்று. நீங்கள் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் உயரம் 452 மீட்டர். அந்தக் கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு முறை அடுக்கித் தலைகீழாகப் பூமிக்குள் இறக்கினால் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு ஆழத்தில் மனிதர்கள் வேலை செய்தார்கள்.

அந்த ஆழத்தில் பாறை தொட்டால் சுடும். வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். காற்றைக் குளிர வைத்து உள்ளே அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும். மேலே இருக்கும் மலையளவு பாறையின் பாரம் தாங்காமல், சில நேரம் சுரங்கச் சுவரே வெடித்துச் சிதறும். அதைப் 'பாறை வெடிப்பு' என்பார்கள். முன்னறிவிப்பு கிடையாது. உள்ளே போன ஆள் வெளியே வந்தால்தான் நிச்சயம். வேலை முடிந்து வெளியே வரும்போது உடம்பெல்லாம் சோதனை போடுவார்கள், ஒரு குன்றிமணி தங்கம் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்று.

ஆனால் ஒன்றை அவர்கள் தினமும் வெளியே கொண்டுவந்தார்கள். அதை எந்தச் சோதனையும் பிடிக்கவில்லை. அது நெஞ்சுக்குள் போன பாறைத் தூசி. துளையிடும்போது பறக்கும் தூசி நுரையீரலில் படிந்து, அதைக் கல்லாக்கிவிடும். சிலிக்கோசிஸ் என்று அந்த நோய்க்குப் பெயர். 1940களில் கோலார் தொழிலாளர்கள் 7,653 பேரைப் பரிசோதித்தார்கள். 3,402 பேருக்கு அந்த நோய் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர் நின்றால் இரண்டு பேருக்கு மேல் நோயாளிகள்.

இந்த இடத்தில் மருந்தடிக்கப் போகும் அம்மாமார்களைக் கேட்கிறேன். நீங்கள் முதுகில் சுமக்கும் அந்தத் தோம்பில் இருப்பது என்ன மருந்து என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்களா? கோலாரில் நோயை எண்ணிப் பார்த்ததால்தான் அது கணக்கில் வந்தது. எண்ணாமல் விட்டிருந்தால் 'இருமல்' என்று சொல்லிப் புதைத்திருப்பார்கள்.

கை நாட்டு வைக்க மாட்டோம்

அவர்கள் வாய் மூடிக் கிடந்தவர்கள் அல்லர். 1930இல் கம்பெனி ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு தொழிலாளியும் கைரேகை பதிய வேண்டும் என்றது. குற்றவாளிகளுக்குச் செய்வதை எங்களுக்குச் செய்வதா என்று மக்கள் கொதித்து எழுந்தார்கள். அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கம் ஒன்றுகூட இல்லாத காலம் அது. ஆயிரக்கணக்கானவர்கள் மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. கூலி உயர்வுக்காக அல்ல, மானத்துக்காக.

பிறகு சங்கம் வந்தது. கம்யூனிஸ்டுத் தோழர்கள் வந்தார்கள். 1946 நவம்பர் 4ஆம் தேதி, போராட்டத்தின்போது போலீஸ் தாக்குதலில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தங்கவயல் மக்கள் அந்த நாளைத் தியாகிகள் நாளாக நினைவுகூர்கிறார்கள்.

அறிவுத் துறையிலும் அவர்கள் பின்தங்கவில்லை. பண்டிதர் அயோத்திதாசரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார ஏட்டைச் சென்னையில் தொடங்கியவர். அவருடைய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அவர் 1914இல் மறைந்தார். 1926இல் 'தமிழன்' ஏட்டை மீண்டும் கொண்டுவந்தது எந்த ஊர்? இதே தங்கவயல்தான். பாதாளத்தில் வேலை செய்த மக்கள், தங்கள் கூலியிலிருந்து காசு போட்டுப் பத்திரிகை வாங்கினார்கள், சங்கம் வைத்தார்கள், இரவுப் பள்ளி நடத்தினார்கள். 1954இல் அண்ணல் அம்பேத்கர் அந்த ஊருக்கு நேரில் வந்தார்.

ஆகவே, 'நம்மவர்களுக்கு ஒற்றுமை கிடையாது, படிப்பு கிடையாது, அதனால்தான் இந்தக் கதி' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தங்கவயல் மக்களிடம் எல்லாம் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இல்லை. குடியிருந்த வீடு அவர்கள் பெயரில் இல்லை.

மூடிய நாள்

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் இந்திய மத்திய அரசிடம் போனது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற அரசு நிறுவனமானது. துரை போய் அரசாங்கம் வந்துவிட்டது, இனி நமக்கென்ன கவலை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் மண்ணில் தங்கம் குறைந்துகொண்டே போனது. ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லை உடைத்தால் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசிக் காலத்தில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஆழம் கூடக் கூடச் செலவும் கூடியது. எடுத்த தங்கத்தைப் பல ஆண்டுகள் உள்ளூர்ச் சந்தை விலையைவிடக் குறைவாகவே கணக்கிட்டார்கள், அதனால்தான் நட்டம் பெரிதாகத் தெரிகிறது என்று தொழிலாளர்கள் வாதாடினார்கள். எடுபடவில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். நூற்றிருபது ஆண்டில் அந்த மண் கொடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன்.

800 டன் தங்கம்! அதில் ஒரு தாலிச் சரடு அளவாவது எடுத்தவன் வீட்டில் தங்கியதா?

எங்கள் குடும்பத்துக்கும் கோலார்க் குடும்பத்துக்கும் நடுவில் கடிதம் நின்று பல காலம் ஆகியிருந்தது. 2014இல் நான் தேடிப் போனேன். மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது சாம்பல் நிறக் குன்றுகள். மலை என்று நினைத்துவிட்டேன். மலை அல்ல. தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண். சயனைடு கலந்து அரைத்த மண். மூன்று கோடியே முப்பது லட்சம் டன் அளவுக்குக் குவிந்து கிடக்கிறது. காற்றடிக்கிற காலத்தில் அந்தத் தூசி வீட்டுக்குள் வந்து சோற்றில் விழுகிறது என்றார்கள்.

தாத்தாவுடைய அண்ணன் மகனைக் கண்டுபிடித்தேன். எனக்குப் பெரியப்பா முறை. எழுபத்தைந்து வயதுக்கு மேல். முப்பது வருடத்துக்கு மேல் சுரங்கத்தில் வேலை செய்தவர். அவருடைய மகனும் அங்கேதான் வேலை, 2001இல் வேலை போனது. லயத்து வீட்டில்தான் இன்னும் இருந்தார்கள். பெரியப்பா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, கோர்ட்டு நகல். எல்லாம் இருந்தது. வீட்டுக்குப் பட்டா மட்டும் இல்லை.

நான் கேட்டேன்: "பெரியப்பா, வேலை இருந்த காலத்திலேயே வீட்டைக் கேட்டிருக்கலாமே?"

அவர் சொன்னார்: "வேலை இருந்தவரைக்கும் வீடு இருந்துச்சுப்பா. யார் பேர்ல இருக்குன்னு யார் பார்த்தா? கூலி கேட்டோம், போனஸ் கேட்டோம், ஆஸ்பத்திரி கேட்டோம். மூடினதுக்கப்புறம் வீட்டைக் கேட்டா யாரு காதுல வாங்குவான்? தங்கம் வர்றப்பவே கேட்டிருக்கணும்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். தங்கம் வருகிறபோதே கேட்டிருக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது தொழிலாளி ஒரு நாள் போகாவிட்டால் கம்பெனிக்கு நட்டம். அப்போது அவன் பேச்சுக்கு எடை இருக்கிறது. சுரங்கம் மூடிய பிறகு அவன் வருடக்கணக்காக வாசலில் உட்கார்ந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. தங்கவயல் மக்கள் 2001க்குப் பிறகு நிலுவைப் பணத்துக்கும் வீட்டுக்கும் கோர்ட்டு, மறியல், மனு என்று அலைந்தார்கள். மூடிய பிறகு நீர் இறைப்பதையும் நிறுத்திவிட்டதால் சுரங்கத்துக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது. மறுபடி திறப்பார்கள் என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை போய்விட்டது. பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள், ராத்திரி திரும்புகிறார்கள். தினமும் ஆயிரக்கணக்கான பேர்.

2024இல் கர்நாடக அமைச்சரவை அந்தச் சாம்பல் குன்றுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பார்த்தீர்களா? குப்பைக்குக்கூட விலை வந்துவிட்டது. அந்தக் குப்பையை மேலே கொண்டுவந்தவனின் வீட்டுக் கூரைக்கு நூறாண்டு கழித்தும் உறுதி இல்லை.

நம் கதையும் இதுதான்

தூரத்து ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். நம் நாட்டிலும் சுரங்க ஊர்கள் இருந்தன. சிலாங்கூரில் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. பகாங்கில் சுங்கை லெம்பிங் ஈயச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. ஒரே முதலாளியை நம்பிய ஊர், அந்த முதலாளி போனதும் என்ன ஆகும் என்பதற்கு இவை சாட்சி.

தோட்டமும் அப்படித்தான். நான் பிறந்த தோட்டத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. 1990களில் அது கைமாறியது. மரத்தை வெட்டி வீடமைப்புத் திட்டம் போட்டார்கள். என் அப்பா அங்கே முப்பத்தெட்டு வருடம் மரம் வெட்டியவர். வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைப் படிக்கத் தெரியாமல், சம்பள உயர்வுக் கடிதம் என்று நினைத்து, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வைத்திருந்தார் எங்கள் அம்மா. மாமா ஒருவர் வந்து படித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. இதைச் சொல்லும்போது உங்களில் சிலர் தலையைக் குனிவதைப் பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது.

அண்ணன் கோலாருக்குப் போனார், தம்பி மலாயாவுக்கு வந்தார். இரண்டு நாடு, இரண்டு தொழில். எண்பது வருடம் கழித்து இரண்டு பேரின் பிள்ளைகளும் ஒரே வாசலில் நின்றார்கள். "இந்த வீடு உன்னுடையது அல்ல" என்று எழுதிய வாசல்.

என்ன செய்யலாம்?

பெரிய பெரிய பேச்சு வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் செய்யக்கூடிய மூன்று காரியங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று. இன்னும் தோட்டத்தில் இருப்பவர்கள், வேலை நடக்கும்போதே வீட்டைப் பற்றிப் பேசுங்கள். நிர்வாகியிடம் தனி ஆளாகப் போகாதீர்கள். பத்துக் குடும்பம் சேர்ந்து போங்கள். வாய் வார்த்தையை நம்பாதீர்கள். "பார்க்கலாம், செய்யலாம்" என்று சொன்னால், "ஐயா, அதையே எழுத்தில் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கொடுத்த மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள்.

இரண்டு. உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் வையுங்கள். சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம், ஊழியர் சேமநிதிக் கணக்கு, சொக்சோ தாள், மருத்துவமனைச் சீட்டு, ஒன்றையும் எறியாதீர்கள். அப்பா எத்தனை வருடம் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று ஒரு தாளில் எழுதி, அவர் உயிரோடு இருக்கும்போதே கையெழுத்து வாங்குங்கள். பெரியப்பாவிடம் பட்டா இல்லை. ஆனால் அந்த டின் இருந்ததால்தான் கோர்ட்டில் போய் 'நான் இங்கே உழைத்தவன்' என்று சொல்ல முடிந்தது.

மூன்று. எந்தக் கடிதம் வந்தாலும் அன்றைக்கே படியுங்கள். மலாய் எழுத்துப் புரியாவிட்டால், படித்த பிள்ளையிடம் கொடுங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நூறு வருடத்துக்கு முன்னால், படிக்காத கோலார்த் தொழிலாளி "கைரேகை வைக்க மாட்டேன்" என்று மூன்று வாரம் நின்றான். நாம் ஒரு நாள் அவகாசம் கேட்கக்கூடவா பயப்படுவோம்?

தம்பிமார்களே, அந்தப் படத்தை மறுபடி பாருங்கள், தப்பில்லை. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் தூசியை மென்று வாழ்ந்த மக்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், இன்று இரவே உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், உங்கள் அண்ணன் தம்பி எங்கே போனார்கள் என்று கேளுங்கள். எழுதி வையுங்கள். உங்களுக்கும் எங்கோ ஒரு சுரங்கத்திலோ தேயிலைக் காட்டிலோ ஒரு பெரியப்பா இருக்கலாம்.

நான் புறப்படும்போது பெரியப்பா ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வந்தார். மூச்சு வாங்கியது. பாதி வழியில் நின்று, மூடிக் கிடந்த சுரங்கத்தின் இரும்புக் கோபுரத்தைக் காட்டினார். "மலேசியாவுல உனக்குச் சொந்த வீடு இருக்காப்பா?" என்று கேட்டார். "கடன் கட்டிக்கிட்டு இருக்கேன் பெரியப்பா, என் பேர்லதான் இருக்கு" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது போதும். நம்ம வம்சத்துல ஒருத்தன் பேர்லயாவது இருக்கே" என்றார்.

ஒருவன் பேரில் இருந்தால் போதாது. இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் பேரிலும் இருக்க வேண்டும்.